எல்லாப்பிரகட சுப்பாராவ்

எல்லாப்பிரகட சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 - ஆகஸ்ட் 1948) ஒரு இந்திய உயிர்வேதியியலாளரும் மருந்தியல் ஆய்வாளரும் ஆவார். தசை சுருங்குவதற்கும் தளர்வதற்கும் ஆற்றல் தரும் பாஸ்போகிரியேட்டின், அடினோசின் முப்பாஸ்பேட்டு (ஏ.டி.பி) ஆகிய இரு சேர்மங்களையும் சைரஸ் பிஸ்க் என்பவருடன் சேர்ந்து கண்டறிந்தவர். இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் இச்சேர்மங்களையே நம்பியுள்ளது. முதுமையில் இதயத்தசை உயிரணுக்கள் ஏன் தளர்வதற்குத் தாமதிக்கின்றன என்பதை விளக்கும் இன்றைய அறிவியலுக்கு இவருடைய கண்டுபிடிப்புகள் அடிப்படையாக உள்ளன. போலிக் அமிலத்தின் செயற்கைத் தயாரிப்பு, இரத்தப் புற்றுநோய்க்கு எதிரான முதல் மருந்துகள், யானைக்கால் நோய்க்கான மருந்து, டெட்ராசைக்கிளின் வகையின் முதல் நுண்ணுயிர்க்கொல்லி ஆகியனவும் இவர் தலைமை தாங்கிய ஆய்வகத்திலிருந்து வெளிவந்தன. சென்னையில் மருத்துவம் பயின்ற இவர் தம் ஆய்வுகள் அனைத்தையும் அமெரிக்காவிலேயே செய்தார். தாயகம் திரும்பாமலே 53ஆம் அகவையில் மாரடைப்பால் இறந்தார்.

இளமைக்காலம்

சுப்பாராவ் அன்றைய சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த பீமாவரத்தில் தெலுங்குக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் பணியாற்றியவர். உடல்நலக் குறைவால் உரிய காலத்துக்கு முன்பே பணியிலிருந்து விலகினார். தாயார் வெங்கம்மா. ஏழு பிள்ளைகளைக் கொண்ட குடும்பத்தில் வறுமை நிலவியது. பதின்மூன்று வயதளவில், காசிக்குச் செல்லும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்று எண்ணி சுப்பாராவ் வீட்டை விட்டுப் புறப்பட்டார். தாயார் அவரைத் திரும்ப அழைத்து வந்து பள்ளியில் சேர்த்தார்.

படிப்பில் இவர் தொடக்கத்தில் சிறந்து விளங்கவில்லை. ராஜமுந்திரியில் பயின்றபின் சென்னை வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் முயற்சியிலேயே மெட்ரிகுலேசன் தேர்வில் வெற்றி பெற்றார். பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பில் படித்தார். அக்காலத்தில் இராமகிருஷ்ண மடத்தின்பால் ஈடுபாடு கொண்டு துறவியாக விரும்பினார். தாயார் அதற்கு இசையவில்லை. இறுதியில் நோயுற்றோருக்குப் பணி செய்யும் எண்ணத்துடன் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும், பின்னாளில் இவருக்கு மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் படிப்புச் செலவுக்கு உதவினர். 1919ஆம் ஆண்டில் சூரியநாராயண மூர்த்தியின் மகளான சேஷகிரியை மணந்தார்.

சென்னையில் மருத்துவக் கல்வி

காந்தியடிகள் அந்நியத் துணிகளைத் துறக்குமாறு அழைப்பு விடுத்த காலம் அது. சுப்பாராவ் கதர்த் துணியால் தைத்த அறுவை மேலங்கியை அணிந்து வகுப்புக்குச் சென்றார். ஆங்கிலேயரான அறுவைப் பேராசிரியர் பிராட்பீல்டு இதை விரும்பவில்லை. எழுத்துத் தேர்வுகளைச் சுப்பாராவ் நன்கு எழுதியிருந்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனினும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே வழங்கப்பட்டது. சென்னை மருத்துவப் பணியில் சேர இவர் செய்த முயற்சியும் பலிக்கவில்லை.

இதன்பின் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளரானார். ஆயுர்வேத மருந்துகளை நவீன முறையில் ஆராய வேண்டும் என்ற ஆர்வம் இங்குதான் தோன்றியது. இக்காலத்தை ஒட்டி இவருடைய உடன்பிறந்தார் இருவர் சில நாள் இடைவெளியில் இறந்தனர். குடல் உணவை உட்கொள்ள இயலாமல் செய்து, இரத்தச் சோகையை உண்டாக்கும் வெப்பமண்டல ஸ்புரூ என்ற நோய் அக்குடும்பத்தைத் தாக்கியிருந்தது. அதற்கு அன்று உறுதியான மருந்து இல்லை. இந்த இழப்பு இவரை மருத்துவப் பணியைவிட மருந்து ஆய்வின் பக்கம் திருப்பியது.

அமெரிக்கப் பயணம்

காக்கிநாடாவைச் சேர்ந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையின் உதவியாலும் மாமனாரின் பொருளுதவியாலும் சுப்பாராவ் கப்பலேறினார். 1922 அக்டோபர் 26 அன்று பாஸ்டன் நகரை அடைந்தார். மனைவி இந்தியாவிலேயே தங்கினார். இவர் சென்ற பின் பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். அவனை இவர் கண்டதில்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பட்டயப் படிப்பில் சேர்ந்தார். கையிலிருந்த எல்.எம்.எஸ். சான்றிதழைக் கொண்டு மருத்துவராகப் பணி செய்ய இயலாததால், மருத்துவமனையொன்றில் இரவுநேரத் துப்புரவு வேலைகளைச் செய்து வாழ்க்கையை நடத்தினார். பட்டயம் பெற்றபின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில், ஆட்டோ போலின் தலைமையின்கீழ் இயங்கிய சைரஸ் பிஸ்கின் ஆய்வகத்தில் இடம் பெற்றார்.

பாஸ்பரசை அளக்கும் முறை

இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசைத் துல்லியமாக அளப்பது அக்காலத்தில் எளிதாக இல்லை. பிஸ்கும் சுப்பாராவும் 1925ஆம் ஆண்டில் இதற்கொரு நிறமானி முறையை வெளியிட்டனர். மாதிரியிலுள்ள பாஸ்பேட்டு, மாலிப்டேட்டுடன் வினைபுரிந்தபின், தகுந்த ஒடுக்கியைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். நிறத்தின் அடர்த்தியிலிருந்து பாஸ்பேட்டின் அளவு தெரியவரும். பிஸ்க்-சுப்பாராவ் முறை எனப்படும் இது, உலகெங்கும் மருத்துவ ஆய்வகங்களில் பல பத்தாண்டுகள் பயன்பட்டது. இதன் மாற்று வடிவங்கள் இன்றும் வழக்கில் உள்ளன.

தசையின் ஆற்றல் மூலம்

இம்முறையைத் தசைச் சாற்றில் பயன்படுத்தியபோது ஒரு வியப்பு காத்திருந்தது. நீல நிறம் உடனடியாக முழுமை பெறாமல் சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே சென்றது. பாஸ்பேட்டு ஏதோவொரு நிலையற்ற சேர்மத்தில் கட்டுண்டிருந்து, சோதனைக் குழாயில் மெல்ல விடுபடுகிறது என்பதை இருவரும் உணர்ந்தனர். அச்சேர்மமே பாஸ்போகிரியேட்டின் ஆகும். பூனையின் தசையைத் தூண்டிச் சுருங்கச் செய்தபோது அதன் அளவு குறைந்தது. ஓய்வளித்தபோது மீண்டும் கூடியது. இதனை 1927ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியரும் இதே பொருளின் தடயத்தை அதே ஆண்டில் கண்டனர்.

1929ஆம் ஆண்டில் பிஸ்கும் சுப்பாராவும் தசையிலிருந்து ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்து அறிவித்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமன் அதே ஆண்டில் தனியாக இதனைக் கண்டறிந்தார். எனவே இக்கண்டுபிடிப்பின் பெருமை இரு குழுவினருக்கும் உரியது.

கிளைக்கோசன் சிதைந்து லாக்டிக் அமிலமாவதே தசைச் சுருக்கத்தின் நேரடிக் காரணம் என்று அதுவரை நம்பப்பட்டது. இக்கருத்தோடு தொடர்புடைய ஆய்வுகளுக்காக ஆர்ச்சிபால்டு ஹில், ஆட்டோ மேயர்ஹோப் ஆகியோர் 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றிருந்தனர். 1930ஆம் ஆண்டில் டென்மார்க்கின் ஐனர் லுண்ட்ஸ்கார்டு, லாக்டிக் அமிலம் உண்டாகாதபடி தடுக்கப்பட்ட தசையும் சுருங்குவதையும், அப்போது பாஸ்போகிரியேட்டின் செலவாவதையும் காட்டினார். 1939இல் சோவியத் ஒன்றியத்தின் எங்கல்கார்ட்டும் லியூபிமோவாவும் தசைப் புரதமான மயோசினே ஏ.டி.பி.யைச் சிதைக்கும் நொதி என்று நிறுவினர். ஏ.டி.பி. உயிரணுவின் ஆற்றல் நாணயம் என்ற கருத்து இவ்வாறு நிலைபெற்றது.

இதயத்தசை உயிரணுவும் முதுமையும்

சுப்பாராவ் ஆராய்ந்தது எலும்புத்தசையை. எனினும் அவர் கண்ட இரு சேர்மங்களின் முக்கியத்துவம் இதயத்தில்தான் மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. கைத்தசைக்கு ஓய்வு உண்டு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை துடிக்கும் இதயத்துக்கு அவ்வாறான ஓய்வு இல்லை. இதயத்தில் இருப்பிலுள்ள ஏ.டி.பி. சில நொடிகளுக்கே போதுமானது. ஆகவே அது இடையறாது மீண்டும் உருவாக்கப்படுகிறது. இதனை உருவாக்கும் இழைமணிகள் இதயத்தசை உயிரணுவின் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நிரப்புகின்றன. ஏ.டி.பி. திடீரெனக் குறையும்போது அதனை உடனே ஈடுசெய்யும் சேமிப்பாகப் பாஸ்போகிரியேட்டின் செயல்படுகிறது.

சுருங்குவதற்கு மட்டுமன்றித் தளர்வதற்கும் ஆற்றல் தேவை என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. மயோசின் இழை ஆக்டின் இழையைப் பற்றி இழுக்கும்போது தசை சுருங்குகிறது. அந்தப் பிடி விடுபட வேண்டுமானால் புதிய ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்று மயோசினோடு இணைய வேண்டும். இறந்தபின் உடல் விறைப்பதற்குக் காரணம், ஏ.டி.பி. தீர்ந்து இப்பிடிகள் விடுபடாமல் நின்றுவிடுவதே. மேலும் சுருக்கத்தைத் தூண்டிய கால்சியம் அயனிகளை உயிரணுவின் உட்பைகளுக்குள் திரும்ப ஏற்றும் எக்கிகளும் ஏ.டி.பி.யைக் கொண்டே இயங்குகின்றன.

முதுமையில் இவ்வமைப்பில் பின்வரும் மாற்றங்கள் நிகழ்கின்றன.

முதலாவதாக, உயிரணுக்களின் எண்ணிக்கை குறைகிறது. இதயத்தசை உயிரணுக்கள் மிக மெதுவாகவே புதுப்பிக்கப்படுகின்றன. அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் கூடிய கார்பன்-14ஐ அளவுகோலாகக் கொண்டு சுவீடன் ஆய்வாளர்கள் 2009ஆம் ஆண்டில் இதனைக் கணித்தனர். 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1 விழுக்காடு உயிரணுக்கள் புதியனவாகின்றன. 75 வயதில் இது 0.45 விழுக்காடாகக் குறைகிறது. வாழ்நாள் முழுவதிலும் பாதிக்கும் குறைவான உயிரணுக்களே மாற்றம் பெறுகின்றன. எனவே முதியவர் ஒருவரின் இதயத்திலுள்ள உயிரணுக்களில் பெரும்பாலானவை அவர் பிறந்த நாள்தொட்டு உழைத்துவருபவை.

இரண்டாவதாக, எஞ்சிய உயிரணுக்கள் இழந்தவற்றின் சுமையையும் தாங்கிப் பருக்கின்றன. வயதாகும்போது பெருந்தமனி விறைப்படைவதால், இரத்தத்தை வெளியேற்ற இடது கீழறை கூடுதல் விசையைச் செலுத்த வேண்டியுள்ளது. இதனாலும் கீழறையின் சுவர் தடிக்கிறது. உயிரணுக்களுக்குள் லிப்போபசின் என்னும் பழுப்புநிறக் கழிவுப்பொருள் சேர்கிறது.

மூன்றாவதாக, உயிரணுக்களுக்கு இடையில் கொலாஜன் நார்கள் மிகுகின்றன. அவை ஒன்றோடொன்று குறுக்குப் பிணைப்புக்கு உள்ளாவதால் இதயச் சுவர் நெகிழ்ச்சியை இழக்கிறது.

நான்காவதாக, கால்சியத்தைத் திரும்ப ஏற்றும் எக்கிகளின் செயல்திறன் குறைவதால் ஒவ்வொரு துடிப்பிலும் தளர்ச்சி தாமதமாகிறது. 20 வயதுக்கும் 80 வயதுக்கும் இடையில், இடது கீழறை தளரத் தொடங்கியவுடன் இரத்தம் அதனுள் நிரம்பும் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. இக்குறையை ஈடுகட்ட மேலறை வலுவாகச் சுருங்கி எஞ்சிய இரத்தத்தைத் தள்ளுகிறது. இதனால்தான் முதியோருக்கு மேலறையின் ஒழுங்கு தவறினால் மூச்சுத்திணறல் எளிதில் தோன்றுகிறது.

ஓய்வு நிலையில் இரத்தத்தை வெளித்தள்ளும் திறன் நலமான முதியோரிடம் பெரிதும் குறைவதில்லை. குறை தெரிவது படியேறும்போதும் விரைந்து நடக்கும்போதும்தான். அட்ரினலின் தூண்டலுக்கு உயிரணுக்கள் காட்டும் எதிர்வினை மங்குவதால் இதயத்தின் உச்சத் துடிப்பு வீதமும் குறைகிறது. இதயச் செயலிழப்பு உடையவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு வெளித்தள்ளும் திறன் இயல்பாகவே இருக்கிறது. இவர்களிடம் முதன்மையான சிக்கல் நிரம்புவதில் உள்ளது. முதியோரிடமும் பெண்களிடமும் இவ்வகை மிகுதி.

1980களிலிருந்து காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல் முறையால், மார்பைத் திறக்காமலே உயிருள்ள மனிதரின் இதயத்திலுள்ள பாஸ்பரசு சேர்மங்களை அளக்க முடிகிறது. இதில் அளக்கப்படுவது பாஸ்போகிரியேட்டினுக்கும் ஏ.டி.பி.க்கும் உள்ள விகிதம் ஆகும். இவ்விகிதம் வயதோடு குறைவதாகவும், இதயச் செயலிழப்பில் மேலும் குறைவதாகவும் ஆய்வுகள் காட்டியுள்ளன. பாஸ்டன் ஆய்வகத்தில் நீல நிறத்தைக் கொண்டு கண்டறியப்பட்ட அதே இரு பொருள்களே இன்று முதிய இதயத்தின் ஆற்றல் நிலையைக் காட்டும் குறியீடாகப் பயன்படுகின்றன.

ஹார்வர்டில் மறுக்கப்பட்ட பதவி

1930ஆம் ஆண்டில் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார். தொடர்ந்து ஒரு பத்தாண்டுக் காலம் ஹார்வர்டில் பணியாற்றி, கல்லீரல் சாற்றிலுள்ள உயிர்ச்சத்துகளைப் பிரித்தெடுக்கும் ஆய்வில் ஈடுபட்டார். எனினும் நிலையான பேராசிரியர் பதவி இவருக்கு வழங்கப்படவில்லை. தம் பங்கை முன்னிறுத்திப் பேசாத இயல்புடைய இவர், கூட்டு ஆய்வுகளின் பெருமையைப் பிஸ்குக்கே விட்டுக்கொடுத்தார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், இவருடன் அதே துறையில் ஆய்வு செய்தவர். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில நியூக்கிளியோட்டைடுகள் வெளியிடப்படாமல் தடுக்கப்பட்டதால், அவற்றைப் பிறர் பல ஆண்டுகளுக்குப்பின் மீண்டும் கண்டறிய நேர்ந்தது என்று ஹிட்சிங்ஸ் பதிவு செய்துள்ளார்.

லெடர்லே ஆய்வகம்

1940ஆம் ஆண்டில் சுப்பாராவ் நியூயார்க் மாநிலத்தின் பெர்ல் ரிவர் என்னுமிடத்திலுள்ள லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்து, ஆய்வுப் பிரிவின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். எட்டாண்டுகளில் அவர் வழிநடத்திய குழுக்கள் பின்வரும் மருந்துகளை உருவாக்கின.

போலிக் அமிலம்: பம்பாயின் ஆலைத் தொழிலாளர்களிடையே கருவுற்ற பெண்களுக்கு உண்டான இரத்தச் சோகையை ஈஸ்டுச் சாறு தீர்க்கிறது என்பதை லூசி வில்ஸ் 1931இல் வெளியிட்டிருந்தார். அச்சாற்றில் செயல்பட்ட பொருளே போலிக் அமிலம். இதனை லெடர்லே குழுவினர் 1945ஆம் ஆண்டளவில் செயற்கையாகத் தயாரித்தனர். சுப்பாராவின் குடும்பத்தைத் தாக்கிய ஸ்புரூ நோய்க்கு இது மருந்தாயிற்று.

அமினோப்டெரின், மெத்தோடிரெக்சேட்டு: போலிக் அமிலத்தின் வடிவை ஒத்திருந்து அதன் செயலைத் தடுக்கும் சேர்மங்கள் இவை. பாஸ்டனின் சிட்னி பார்பர், கடும் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அமினோப்டெரினை அளித்து, 16 பேரில் 10 பேருக்குத் தற்காலிக முன்னேற்றம் ஏற்பட்டதை 1948 ஜூனில் வெளியிட்டார். மெத்தோடிரெக்சேட்டு இன்று புற்றுநோய்களுக்கும் முடக்குவாதத்துக்கும் பயன்படுகிறது.

டைஎத்தில்கார்பமசீன்: ஹெட்ரசான் என்னும் வணிகப் பெயரால் 1947இல் அறியப்பட்ட இம்மருந்து, யானைக்கால் நோயை உண்டாக்கும் நுண்புழுக்களை அழிக்கிறது. தமிழ்நாட்டில் இந்நோய் நிலைகொண்டிருந்த மாவட்டங்களில் நாஞ்சில் நாட்டை உள்ளடக்கிய கன்னியாகுமரி மாவட்டமும் ஒன்று. இந்தியாவில் 2004ஆம் ஆண்டு முதல் இந்நோய் நிலைகொண்டிருந்த மாவட்டங்களில் மக்களுக்கு ஆண்டுதோறும் வழங்கப்பட்ட யானைக்கால் நோய்த் தடுப்பு மாத்திரை இதுவே.

ஆரியோமைசின்: மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து பெஞ்சமின் டக்கர் கண்டறிந்த இம்மருந்து டெட்ராசைக்கிளின் வகையில் முதலாவது. 1948இல் இது வெளியிடப்பட்டது.

இறப்பு

1948 ஆகஸ்ட் மாதத்தில் பெர்ல் ரிவரில் தம் இருப்பிடத்தில் சுப்பாராவ் மாரடைப்பால் இறந்தார். இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெற 1946ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தபின்னும் இவர் அதனைப் பெறவில்லை. 1922இல் பிரிந்த மனைவியை மீண்டும் காணாமலே இவருடைய வாழ்க்கை முடிந்தது.

மாரடைப்பில் இதயத்தின் ஒரு பகுதிக்குக் குருதியோட்டம் நின்றுவிடுகிறது. உயிர்வளி கிடைக்காத உயிரணுக்களில் முதலில் பாஸ்போகிரியேட்டின் தீர்கிறது, அடுத்து ஏ.டி.பி. குறைகிறது. குருதியோட்டம் விரைவில் மீளாவிடில் அவ்வுயிரணுக்கள் இறக்கின்றன. நெஞ்சுவலி தோன்றியவுடன் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவதன் காரணம் இதுவே. அடைப்பை நீக்கிக் குருதியோட்டத்தை மீட்கும் இன்றைய சிகிச்சைகள் எவையும் 1948இல் இல்லை.

நினைவுகள்

1953ஆம் ஆண்டில் ஒரு பூஞ்சை இனத்துக்கு இவர் நினைவாகச் சுப்பாரோமைசிஸ் ஸ்பிளெண்டென்ஸ் என்று பெயரிடப்பட்டது. இவருடைய நூற்றாண்டையொட்டி 1995ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்துறை அஞ்சல்தலை வெளியிட்டது. நோபல் பரிசு இவருக்கு வழங்கப்படவில்லை. உயிர்வேதியியல் பாடநூல்களில் இவர் பெயர் பெரும்பாலும் பாஸ்பரசு அளவீட்டு முறையின் பெயரில் மட்டுமே இடம்பெறுகிறது.